இரண்டு பிரேரணைக்கும் ஓம் சொன்ன மக்டலீன்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் மக்டலீனின் முகம் தெரியாதவர்களுக்கும் அவளுடைய சிரிப்புத் தெரியும். தொடங்கினால் நிற்காத சிரிப்பு அது. முதலில் தோள் குலுங்கும், பிறகு கண்ணால் தண்ணீர் ஓடும், கடைசியில் சத்தமே வராமல் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொள்வாள். யாகப்பர் கோயிலில் அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது, சம்மதம் கேட்கும் நேரம் பார்த்து மாப்பிள்ளை சிமியோனுக்கு விக்கல் எடுத்தது. மணப்பெண் சிரிப்பு அடங்கிச் சம்மதமாக "ஓம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பாடகர் குழு ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடித்துவிட்டது. "என்னைக் கட்டினதே பகிடிக்குத்தான்" என்று சிமியோன் இன்றைக்கும் சொல்லுவார்.

கல்யாணத்துக்குப் பிறகு கடற்கரைக் கொட்டிலான நண்டு வாடிதான் அவளுடைய உலகம். சிமியோனும் மற்றவர்களும் கடலால் கொண்டுவருகிற நண்டைத் தரம் பிரித்து, காலைக் கட்டி, ஐஸில் அடுக்க வேண்டும். பின்னேரம் பெண்கள் சங்கம். மகள் ஷெரோன் முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். ஐம்பது வயது வரைக்கும் இதற்கு மேல் ஒன்றையும் மக்டலீன் கேட்டதில்லை.

மாகாண சபைத் தேர்தல் வந்தபோது கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். வேட்பாளர் பட்டியலில் கரையோரத்துப் பெண் ஒருத்தி வேண்டுமாம்.

"வெல்லத் தேவையில்லை அக்கா, நிண்டால் காணும்."

நின்றாள். வெல்லவில்லை. தனக்கு விழுந்த வாக்குகளைப் பேப்பரில் பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, நீங்களாவது எனக்குப் போட்டனீங்களோ?" என்று கேட்டாள். சிமியோன் வலையில் பொத்தல் தேடத் தொடங்கினார். அதற்கும் சிரித்தாள்.

ஆனால் கூடுதலாக வென்ற கட்சிக்கு இரண்டு போனஸ் ஆசனம் உண்டு. அதில் ஒன்றைச் சுழற்சி முறையில், வருசத்துக்கு ஒருவராகப் பகிர்வதென்று கட்சி முடிவெடுத்திருந்தது. சில வருசம் போனது. முறை வந்த ஒருவர் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போய்விட்டார். அடுத்தவர் கட்சியோடு கோபம். அதற்கடுத்தவருக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது. பட்டியலில் பிறகு இருந்த பெயர் மக்டலீன்.

போன் வந்தபோது அவள் கையில் நண்டு. "அக்கா, நீங்கள் இப்ப கௌரவ உறுப்பினர்" என்று அந்தப் பக்கம் சொன்னதும், நண்டு விரலைக் கவ்வியதும் ஒரே நேரத்தில் நடந்ததால், அவள் போட்ட கூச்சல் சந்தோசத்திலா நோவிலா என்று வாடியில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

முதல் நாள் சபைக்குப் பஸ்ஸில்தான் போனாள். ஷெரோன் கட்டிவிட்ட நீலச் சேலை, காலில் புதுச் செருப்பு. நாவற்குழிப் பாலம் தாண்டியதும் கண்டக்டர், "அக்கா எங்கை இறங்குறியள்?" என்றான்.

"கைதடி. மாகாண சபை."

"ஆரைப் பாக்க?"

"என்னைத்தான். நான் உறுப்பினர்."

கண்டக்டர் டிரைவரிடம் சொன்னான், டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான், மக்டலீனும் சேர்ந்து சிரித்தாள். அவர்கள் நம்பவில்லை என்பது இறங்கி நடக்கும்போதுதான் விளங்கியது. அதற்கு வாசல் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டு போனாள்.

சத்தியப்பிரமாணம் எடுத்துவிட்டுத் தன் ஆசனத்தில் இருந்தபோது அது மெல்லச் சுற்றியது. சுழல் கதிரை. பக்கத்தில் இருந்த அருளம்பலம் மாஸ்ரரிடம், "ஐயா, சுழற்சி ஆசனம் எண்டவை, உண்மையாவே சுழலுது" என்றாள். சாவகச்சேரியில் பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறிய அருளம்பலம் பகிடிகளை இலக்கணப் பிழை மாதிரிப் பார்க்கிறவர். "தங்கச்சி, நேரா இரும்" என்றார்.

இடது பக்கம் சிவகரன். கோப்பாய்ச் சட்டத்தரணி, வயது குறைவு, வாய் நீளம். இவரும் மாஸ்ரரும் ஒரே கட்சி, ஆனால் இரண்டு அணி. ஒருவரோடொருவர் கதைத்து வருசம் தாண்டிவிட்டது. பேப்பர் கொடுப்பதென்றாலும் நடுவில் இருக்கிற ஆள் மூலந்தான். அந்த வருசம் நடுவில் இருந்தது மக்டலீன். வலமும் இடமும் கதிரையைத் திருப்பித் திருப்பி, முதல் மாதம் அவள் செய்த சபை வேலை அதுதான்.

அப்படியிருக்கக் கொழும்பிலிருந்து அந்தச் செய்தி வந்தது. ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிற சமுர்த்தி உதவியை மாற்றப் போகிறார்களாம். வீட்டில் என்னென்ன இருக்கிறதென்று பார்த்துப் புள்ளி போட்டு, கூடப் புள்ளி எடுத்த குடும்பத்தை வெட்டிவிடுவார்களாம். மாகாணத்திடம் ஒரு சொல் கேட்கவில்லை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மாகாணத்தின் தலையில், ஆனால் ஏழை யாரென்று முடிவெடுப்பது மட்டும் அங்கே. சபை கொதித்தது. அடுத்த அமர்வில் நிறைவேற்ற இரண்டு பிரேரணைகள் தயாராயின. மாஸ்ரரின் பிரேரணை "வன்மையாகக் கண்டிக்கிறது" என்று முடிந்தது. சிவகரனின் பிரேரணை "ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறது" என்று முடிந்தது.

விறாந்தையில் மாஸ்ரர் மக்டலீனை மறித்தார். "தங்கச்சி, என்ரை பிரேரணையை நீர் வழிமொழிய வேணும். கரையோரச் சனத்தின்ரை குரல் வேணும்."

"ஓம் ஐயா."

பின்னேரம் சிவகரன் போன் எடுத்தார். "அக்கா, கண்டிச்சால் அவை காதைப் பொத்துவினம். நாங்கள் பதமாக் கதைக்க வேணும். நீங்கள்தான் வழிமொழியிறியள்."

"ஓம் தம்பி."

ஷெரோன் தலையில் கை வைத்தாள். "அம்மா, ரெண்டு பேருக்கும் எப்பிடி ஓம் எண்டனீங்கள்?"

"மாஸ்ரர் ஆசையாக் கேட்டவர், பிள்ளை. உந்தத் தம்பியும் ஆசையாத்தான் கேட்டவர்."

"நாளைக்கு என்ன செய்யப் போறியள்?"

"ஆருக்காவது காய்ச்சல் வரும்" என்றாள் மக்டலீன், நம்பிக்கையோடு.

ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. சபை நிறைந்திருந்தது, பார்வையாளர் பகுதியிலும் சனம். காலையிலிருந்து விவாதம் சூடு. ஒருவர் அதிகாரப் பகிர்வின் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கிப் பாதியில் நேரம் முடிந்து கதிரையில் இருந்துவிட்டார். வன்னி உறுப்பினர், தங்கள் ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லாத கட்டிலுக்கும் கொழும்பு புள்ளி போடுமோ என்று கேட்டார். பிறகு மாஸ்ரர் எழுந்து முன்மொழிந்தார். "இதனைக் கௌரவ உறுப்பினர் மக்டலீன் சிமியோன் வழிமொழிவார்." அவர் கதிரையில் இருக்குமுன்னே சிவகரன் எழுந்தார். "எனது பிரேரணையையும், தவிசாளர் அவர்களே, கௌரவ உறுப்பினர் மக்டலீன் சிமியோன் வழிமொழிவார்."

சபை முழுதும் அவள் பக்கம் திரும்பியது. மக்டலீன் எழும்பினாள். பங்குக் கூட்டங்களில் ஆயருக்கு முன்னால் பேசிப் பழகிய நாக்கு தானாகப் புரண்டது.

"கௌரவ தவிசாளர் ஆண்டகை அவர்களே..."

எதிர்வரிசையில் யாரோ பக்தியோடு, "ஆமென்" என்றார்.

அவ்வளவுதான். மக்டலீனின் தோள் குலுங்கத் தொடங்கியது. மேசையைப் பிடித்தாள். இறுக்கி வாயை மூடினாள். சிரிப்பு மூக்கால் வந்தது, அதை ஒலிவாங்கி மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. வன்னி உறுப்பினர் முதலில் சிரித்து விழுந்தார், பிறகு எதிர்க்கட்சி, பிறகு பார்வையாளர்கள். தவிசாளர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "கௌரவ உறுப்பினர், நீங்கள் எந்தப் பிரேரணையை வழிமொழிகிறீர்கள்?" என்று கேட்டார்.

"ரெண்டையும், ஐயா."

"ரெண்டையும் முடியாதே, அம்மா!"

"தெரியும், ஐயா. ரெண்டு பேரும் கேட்டவை. எனக்கு இல்லை எண்டு சொல்ல வராது." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. சத்தம் நின்றுவிட்டது. வாய் மட்டும் திறந்திருந்தது. கை தேடிப் போய்ப் பக்கத்தில் இருந்த கையைப் பிடித்தது. அது அருளம்பலம் மாஸ்ரரின் கை. மற்றக் கை சிவகரனின் தோளில் ஊன்றியிருந்தது.

தவிசாளர் தேநீருக்காகச் சபையை ஒத்திவைத்தார்.

தேத்தண்ணி மேசையில் இரண்டு பேரும் இரண்டு பக்கத்தாலும் அவளை ஏச வந்தார்கள். வந்த வேகத்தில், "தங்கச்சி, என்ன வேலை இது!" என்று ஒருவரும், "அக்கா, என்ன வேலை இது!" என்று மற்றவரும் ஒரே குரலில் கேட்டார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாஸ்ரரின் மீசை நடுங்கியது. அவர் கோபப்படுகிறாரென்று மக்டலீன் பயந்தாள். இல்லை. மாஸ்ரர் சிரித்தார். பல வருசமாகப் பூட்டிக் கிடந்த கதவு மாதிரி கிரீச்சென்று ஒரு சிரிப்பு, தேத்தண்ணி கோப்பையிலிருந்து தட்டத்துக்கு வந்தது. சிவகரன் துடைக்கத் தன் லேஞ்சியை எடுத்து அவருக்கு நீட்டினார். நேரே, நடுவில் ஆள் இல்லாமல்.

"ஐயா, 'கவலையோடு கண்டிக்கிறது' எண்டு போட்டால் என்ன?" என்றார் சிவகரன்.

மாஸ்ரர் யோசித்தார். "ஆழ்ந்த கவலையோடு வன்மையாக."

"ஓம் ஐயா."

மணி அடித்தபோது பிரேரணை ஒன்றாகிவிட்டது. மக்டலீன் அதை வழிமொழிந்தாள். வழிமொழிந்தால் கொஞ்சம் பேசவும் வேண்டுமாம். ஷெரோன் எழுதிக் கொடுத்த பேச்சு சிரிப்பில் எங்கேயோ விழுந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"எங்கடை ஒழுங்கையிலை பிலோமினா எண்டு ஒரு ஆள். புருசன் கடலிலை போனவர், வரேல்லை. பிரான்ஸிலை இருக்கிற தம்பி முந்தி ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிக் குடுத்தவன். அது செத்துக் கன காலம். அவ அதுக்குள்ளை சீலை மடிச்சு வைச்சிருக்கிறா. எலி போகாது, நல்லது. இப்ப ஃபிரிட்ஜ் இருந்தால் புள்ளி எண்டால், அவவுக்குப் போற உதவி நிக்கும். அவ பாவம். எனக்கு அவ்வளவுதான் தெரியும், ஐயா." சொல்லிவிட்டு இருந்தாள். கதிரை ஒரு சுற்றுச் சுற்றியது. ஆதரவாக எல்லாக் கைகளும் உயர்ந்தன.

பிரேரணை கொழும்புக்குப் போனது. பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. புள்ளித் திட்டம் தன்பாட்டில் நடந்தது. ஆனால் மாஸ்ரரும் சிவகரனும் அதற்குப் பிறகு நேரே கதைத்தார்கள். அவளுடைய முறை முடிகிற மாதத்தில் இருவரும் சேர்ந்து ஒரு பிரேரணை கொண்டுவந்து, குருநகர் மகப்பேற்றுக் கிளினிக்குக்கு இன்னொரு மருத்துவமாதுவைக் கேட்டார்கள். அது மாகாணத்தின் கையில் இருந்தபடியால் கிடைத்தது. மக்டலீன் திரும்ப நண்டு வாடிக்கு வந்தாள்.

ஆனால் அதற்கு முன்னே நடந்ததுதான் பெரிய கூத்து. அவளுடைய பேச்சு கைபேசிகளில் உலகமெல்லாம் ஓடியது. ஆண்டகையும் ஆமெனும் ஓடின, கூடவே பிலோமினாவின் சேலை வைத்த ஃபிரிட்ஜும் ஓடியது. பிரான்ஸில் தம்பி பார்த்துவிட்டான். அவனுடைய கூட்டாளிகளும் பார்த்துவிட்டார்கள். மானம் போச்சென்று அன்றைக்கே யாழ்ப்பாணக் கடையொன்றுக்குப் போன் எடுத்து, ஆளுயர இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றை அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். இறக்கினவர்களே பழையதை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிலோமினா தலையிலடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "எடியே மக்டலீன்! உன்ரை வாயாலை எனக்கு ஃபிரிட்ஜ் வந்திட்டுது! புள்ளி போடுற பிள்ளை இண்டைக்கு எங்கடை ஒழுங்கைக்கு வருதாம்!"

மக்டலீனுக்குப் பயம் வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. "எங்கடை வீட்டிலை வைப்பம், வா."

சிமியோன் வலை ஏற்றும் தள்ளுவண்டிலைக் கொண்டுவந்தார். ஃபிரிட்ஜைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். சிமியோன் முன்னால் இழுத்தார், பெண்கள் இருவரும் பின்னால் தள்ளினார்கள். மணலில் சக்கரம் புதைந்தது. மேல் கதவு திறந்து பிலோமினாவின் தலையில் தட்டியது. "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டு ஒழுங்கையின் வளைவைத் திருப்பினால், எதிரே ஸ்கூட்டியில் ஒரு பெண். தோளில் அலுவலகப் பை. புள்ளி போடும் உத்தியோகத்தர் சாருஜா.

வண்டில் நின்றது. சாருஜா இறங்கி, ஃபிரிட்ஜைப் பார்த்தாள். பிறகு மூன்று பேரின் வேர்வையையும் பார்த்தாள்.

"எங்கை அக்கா கொண்டு போறியள்?"

பிலோமினா பொய் சொல்ல வாயைத் திறந்து அழுதுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி, வீடியோ, மானம், புள்ளி, எல்லாவற்றையும். சாருஜா பொறுமையாகக் கேட்டாள்.

"பிலோமினா அக்கா, உங்கடை வீட்டை நான் போன கிழமையே பாத்திட்டன். நீங்கள் சந்தைக்குப் போயிருந்தனீங்கள், மகன் காட்டினவர். பழைய ஃபிரிட்ஜ், உள்ளை சீலை, வேலை செய்யாது எண்டு எழுதியாச்சு. உங்கடை பேர் லிஸ்டிலை இருக்கு. புதுசை அடுத்த முறை பாப்பினம்."

"அப்ப இண்டைக்கு ஆரைப் பாக்க வந்தனீங்கள்?" என்றாள் மக்டலீன்.

"ஒழுங்கையிலை சமுர்த்தி எடுக்கிறதிலை மிச்சம் இருக்கிறது ஒரு வீடுதான், அக்கா. உங்கடை வீடு."

சிமியோன் மெல்லத் திரும்பி வண்டிலைப் பார்த்தார். இன்னும் பத்தடி தள்ளியிருந்தால் ஆளுயர ஃபிரிட்ஜ் அவருடைய வாசலுக்குள் போயிருக்கும். பிலோமினா அழுகையை மறந்து சிரித்தாள். மக்டலீன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சபைச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை தன் பெயரை உதவிப் பட்டியலிலிருந்து வெட்டிவிடும்படி ஒவ்வொரு சொல்லாக மூச்சு வாங்கிச் சொல்லி முடித்தாள். சாருஜா குறித்துக்கொண்டாள். பிறகு ஸ்கூட்டியை மதிலோரம் நிறுத்திவிட்டு, பையைச் சரிசெய்துகொண்டு, திறந்து திறந்து அடித்த மேல் கதவை உள்ளங்கையால் அமத்திப் பிடித்தாள்.

"பிலோமினா அக்கா வீட்டுக்கே திருப்புங்கோ அண்ணை," என்றாள் சிமியோனிடம். "வெயில் ஏறுது."