என் மைக் கைமாறிய கதை

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் எங்கள் வார்டுக்கு நகராட்சியின் குரல் நான்தான். பகலில் ஒரு பனியன் கம்பெனியில் டைம் கீப்பர் வேலை. நகராட்சியிலிருந்து ஆள் வந்தால் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிவிட்டு, கூரையில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோவில் ஏறிக்கொள்வேன். தண்ணீர் வரும் நாள், வீட்டு வரி கட்டக் கடைசி நாள், சொட்டு மருந்து முகாம், சாக்கடை வேலை நடப்பதால் எந்த வீதியில் வண்டி போகாது என்பது வரை எல்லாம் என் வாயால்தான் ஊருக்குத் தெரிந்தது.

எனக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கி, நகர்மன்றத் தலைவர், ஆணையர், வார்டு உறுப்பினர் மூவரையும் அடைமொழியோடு சொல்லி, "பொதுமக்களின் மேலான கவனத்திற்குப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று இழுத்து நிறுத்துவேன். அந்த 'யாதெனில்' வரும்போது எனக்கே மயிர்க்கூச்செறியும்.

ஒருநாள் வார்டு குறைகேட்புக் கூட்டத்தில் மைக் செட்டைச் சரிசெய்துகொண்டு மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு நடுவயதுப் பெண் எழுந்தார்.

"ஏனுங்க, தண்ணி வருதுன்னு ஆட்டோவுல சொல்றாங்க, சரிங்க. அவரு எல்லாருக்கும் வணக்கம் வெச்சு முடிக்கறதுக்குள்ள ஆட்டோ அடுத்த வீதிக்குப் போயிருதுங்க. எத்தன மணிக்குன்னு எங்களுக்குக் கேக்கறதே இல்லீங்க."

கூட்டம் சிரித்தது. கவுன்சிலரும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்வது?

அடுத்த மாத மன்றக் கூட்டத்துக்குப் பிறகு கவுன்சிலர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தண்ணீர் அறிவிப்பை மட்டும் இனி வார்டில் குடியிருக்கும் ஒரு பெண்ணே சொல்லட்டும் என்று பேசி முடிவாகியிருந்தது. "தண்ணி பிடிக்கறது பொம்பளைங்கதானுங்களே, தப்பா எடுத்துக்காதீங்க. மத்த அறிவிப்பெல்லாம் உங்களுதுதான்" என்றார். மற்ற அறிவிப்பு என்பது வருஷத்தில் நாலைந்து தடவை. தண்ணீர்தான் வாராவாரம்.

தேர்ந்தெடுத்த பெண் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரே வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அம்மாவோடும் தம்பியோடும் பிழைக்க வந்தவள். இன்னொரு கம்பெனியில் டெய்லர். எங்கள் பகுதியில் ஓடு வேய்ந்த சின்னச் சர்ச் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாருக்கு யாரோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, யார் வீட்டில் ஜெபக் கூட்டம் என்று வாசிக்கிறவள் அவள்தான். கவுன்சிலர் அங்கே ஏதோ கல்யாணத்துக்குப் போனபோது அவள் வாசித்ததைக் கேட்டிருக்கிறார்.

முதல் நாள் அவள் பேசியதைக் கம்பெனி கேட்டில் நின்று கேட்டேன்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. காலையில பத்து மணிக்குத் தண்ணி வருது. பன்னெண்டு வரைக்கும் வரும். கொடத்தக் கழுவி வச்சிக்கோங்க."

அவ்வளவுதான். தலைவர் இல்லை, ஆணையர் இல்லை, வணக்கமும் இல்லை. வீதிமுனை திரும்பும் முன் இதையே மூன்று தடவை சொல்லிவிட்டாள். உள்ளே செக்கிங் டேபிளில் இருந்த பெண்கள் கையிலிருந்த பனியனோடு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஒருத்தி, "நாளைக்குத் தண்ணி பிடிக்கோணும், அரை நாள் லீவுங்க சார்" என்று அப்போதே என்னிடம் எழுதிக்கொள்ளச் சொன்னாள். அந்த லீவை எழுதும்போது பேனா பேப்பரைக் கிழித்தது.

அதன்பிறகு டீக்கடையில் உட்கார்ந்தால் அவளுடைய தமிழைக் கிண்டல் செய்வதே எனக்கு வேலையாகிவிட்டது. 'திருநெல்வேலி பாஷையில திருப்பூருக்குத் தண்ணி விடறாங்க' என்பேன். முதல் வாரம் சிரித்தவர்கள் இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை. வீட்டில் என் மனைவி, சோறு போட்டுக்கொண்டே, "அந்தப் புள்ள சொன்னா நல்லாப் புரியுதுங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள். ஐந்து வருஷம் நான் பேசியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்று சண்டை போட்டேன். உப்பு இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தப் பெண் ஆட்டோவில் வந்து, மறுநாள் காலை பத்து மணிக்குத் தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் டீக்கடையில் வால்வு திறந்துவிடுகிறவர் அவசரமாக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, மெயின் பைப்பு உடைஞ்சு போச்சுங்க. நாளைக்குத் தண்ணி வராது, நாளான்னிக்குத்தான். ஆட்டோ வேற வார்டுக்குப் போயிருச்சு. அந்தப் புள்ள உங்க ஊட்டுக்குப் பின்னாடிதானுங்களே? ஒரு வார்த்தை சொல்லீருங்க."

"சரிங்க" என்றேன்.

லைன் வீட்டைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போகவேண்டும். அவள் வாசலில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குத் திரி மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வேலை முடிஞ்சிட்டா அண்ணாச்சி?" என்று கேட்டாள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மறந்துபோகவில்லை. நாளைக்குப் பத்து மணிக்குக் குழாயடியில் காலிக் குடங்களோடு நிற்கும் பெண்கள் அவளை என்ன கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அந்த யோசனை இனித்தது. அதை இன்று எழுதக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு என் மனைவி குடங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கம்பெனிக்குப் போகிறவள்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் லீவு சொல்லி அனுப்பப் போனவளைத் தடுத்தேன்.

"லீவு போடாத. இன்னைக்குத் தண்ணி வராது."

"வருதுன்னு அந்தப் புள்ள சொல்லீட்டுப் போனாளுங்களே."

"வராதுங்கறேன். நாளைக்குத்தான்."

"உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

"வால்வு திறக்கறவரு. நேத்துச் சாயங்காலம்."

குடத்தைக் கீழே வைத்தாள். "நேத்தே தெரியுமுங்களா? அப்பறம் ஏனுங்க அவகிட்டச் சொல்லல?"

நான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த பித்தானுக்குப் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஈரக் கையோடு பின்பக்கமாக நடந்து லைன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஷிஃப்ட் எட்டரைக்கு. நான் கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோதே அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. ஆட்டோ இல்லை, மைக் இல்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீதி வீதியாக ஓடிவந்தாள். "யக்கா, இன்னைக்குத் தண்ணி கெடையாது, நாளைக்குத்தான்! வேலைக்குப் போங்க, லீவு போடாதீங்க!" கத்திக் கத்தித் தொண்டை கம்மிப்போயிருந்தது. அப்படியும் கடைசி வீடு வரை கேட்டது. பெண்கள் கதவைத் திறந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு கம்பெனிக்கு ஓடிவந்தார்கள். முன்னாடியே லீவு சொல்லிவிட்ட சிலருக்கு மட்டும் கூலி போயிற்று. ஒரு வீட்டம்மா அவளை நிறுத்தி, செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் நின்றவாக்கில் குடித்துவிட்டு மறுபடி ஓடினாள்.

ஐந்து வருஷத்தில் எனக்கு ஒருவர்கூட மோர் கொடுத்ததில்லை. நான் செய்த காரியத்துக்காக வெட்கப்பட்டிருக்க வேண்டிய நேரத்தில் அந்த மோரைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் அவள் எங்கள் வாசலுக்கு வந்தாள். என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

"அண்ணாச்சி, நேத்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"மறந்துட்டேனுங்க" என்றேன்.

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. "சரி, இனிமே நானே வந்து கேட்டுக்கிடுதேன்" என்றாள். சொன்னபடியே ஒவ்வொரு அறிவிப்புக்கு முன்பும் வந்து, "ஏதும் மாறியிருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அதனால் வால்வு திறப்பவரைத் தேடிப் போய் நானே விசாரித்து வைத்துக்கொள்ளும்படி ஆயிற்று. ஒரு தடவைகூட அதற்குப் பிறகு தவறான செய்தி கொடுக்கவில்லை. ஆனால் அவள் அதை மைக்கில் சொல்லும்போதெல்லாம், நான் கொண்டுவந்த செய்தியை வைத்து அவள் பேர் வாங்குகிறாள் என்று முணுமுணுத்துக்கொள்வேன். நல்லது செய்தாலும் பொறாமை போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒவ்வொரு தடவையும் ஆள் பேச வேண்டாம், கேசட்டில் பதிந்து போட்டால் போதும் என்று முடிவு செய்தார்கள். ஏழு நாளுக்கும் ஏழு கேசட். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் எங்கள் இருவரையும் பேசவைத்தார்கள். நான் வணக்கத்தையெல்லாம் வெட்டிவிட்டு அவளைப் போலவே பேசிப் பார்த்தேன். பதிவு செய்த பையன் இரண்டையும் திரும்பப் போட்டான். அவன் எதைச் சொல்வான் என்று கேட்கக் காத்திருக்காமல் நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். எனக்கே தெரிந்திருந்தது.

அதற்கடுத்த வருஷம் அவள் கல்யாணமாகிச் சொந்த ஊர்ப் பக்கமே போய்விட்டாள். குரல் மட்டும் இங்கேயே இருந்தது. ஆட்டோவில் உட்கார்ந்து அந்தக் கேசட்டைப் போடுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒருநாள் பாதி வீதியில் கேசட்டை நிறுத்திவிட்டு மைக்கைக் கையில் எடுத்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். "நாளை வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு" என்று தொடங்கியதுமே ஒரு வீட்டு வாசலிலிருந்து ஒரு பெண் கையை ஆட்டினாள்.

"ஏனுங்க, கேசட்டு ரிப்பேருங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் அதையே போடுங்களேன். அந்தப் புள்ள சொன்னாத்தான் தண்ணி வர்ற மாதிரி இருக்குது."

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் மைக்கை மடியில் வைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன். அடுத்த வீதியிலும் அதையே போட்டேன்.