பசி இல்லாதவள் பிடித்த ஒருசந்தி

முதலில் போனது எச்சில்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில், ஞானோபதேச (கிறிஸ்தவ மதபோதனை) வகுப்பில் பதில் சொல்ல எழுந்து வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பதில் எனக்குத் தெரியும். ஒரு கேள்வியை அதன் கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டு, பதிலும் தெரிந்து நான் எழுந்து நின்றது அன்றுதான் முதல்முறை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். தபசுகாலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) தாகத்தையும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கலாமே என்றார் சிஸ்டர். நான் உட்கார்ந்துவிட்டேன்.

இதை இத்தனை காலம் கழித்து எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு சிறுமிக்கு இப்போது மாத்திரை கொடுக்கிறார்கள். அவளுக்கு இருப்பதற்கு இன்று ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமல், உடல் ஓயாமல் அலையும் குறைபாடு) என்று பெயர். அவள் தாய் என்னிடம் பூரித்துப்போய்ச் சொன்னாள்: "ஆளே மாறிட்டா அத்தை. வீட்டுல சத்தமே இல்ல." சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். அவள் பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் பெயர் ஆரோக்கியமேரி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அப்பா பட்டாளத்திலிருந்து திரும்பிய மறுவருடம் எனக்குப் பதின்மூன்று வயது. அதுவரைக்கும் ஊரில் என் பெயர் வாலு. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போவேன். குடத்தைக் கிணற்றடியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவேன். ஜெபமாலை சொல்லும்போது பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். ஏன் போனாய் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அடி வாங்கியதற்குக் கணக்கில்லை.

அப்பா பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மருந்து ஸ்டோர் பார்த்தவர். அவரோடு அங்கே இருந்த டாக்டர் ஒருவர் இராஜபாளையத்தில் வைத்தியம் தொடங்கியிருந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். டாக்டர் என்னை "அம்மாயி" (தெலுங்கில் சிறுமி) என்றுதான் கூப்பிடுவார். அவர் கொடுத்தது ஆம்ஃபெட்டமின் (நரம்புகளைத் தூண்டும் மருந்து). காவல் நிற்கும் சிப்பாய்கள் உறங்கிவிடாமல் இருக்கக் கொடுத்த அதே மாத்திரை. ஓயாமல் ஆடும் பிள்ளைகளை இது அமர்த்துகிறது என்று வெளிநாட்டு வைத்தியப் பத்திரிகையில் படித்ததாகச் சொன்னார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று.

ஒன்றை மறைக்கக்கூடாது. மாத்திரை வேலை செய்தது. கரும்பலகையில் எழுதியது கரும்பலகையிலேயே நின்றது. வகுத்தல் கணக்கை நடுவில் விட்டுவிடாமல் முடித்தேன். குடம் என்னோடு வீட்டுக்கு வந்தது. மாத்திரையே விஷம் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அப்படி நினைத்துப் பெட்டியைத் தூக்கி எறிபவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

என் கோபம் வேறு. வாய் உலர்ந்தது. பிறகு பசி போனது. சோற்றைப் பார்த்தாலே தொண்டை அடைத்துக்கொண்டது. உட்கார்ந்திருந்தால் நெஞ்சு சட்டைக்கு மேலே தெரியும்படி அடித்தது. முழங்காலில் நின்றால் கொஞ்சம் தேவலை போலிருந்தது. உறக்கம் வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. கையில் இருந்த சின்னச் சின்னப் பொருக்குகளை நகத்தால் பிய்த்துக்கொண்டே இருந்தேன். பொழுது சாய்ந்து மருந்தின் வேகம் இறங்கும்போது காரணமில்லாமல் அழுகை வந்தது. இதெல்லாம் எல்லோருடைய கண்ணுக்கு முன்னாலும் நடந்தது. ஆனால் அது தபசுகாலம்.

ஒருசந்தி (நாளுக்கு ஒரே வேளை உண்ணும் நோன்பு) பெரியவர்களுக்குத்தான் கடமை. என் வயதுப் பிள்ளைகள் பிடிக்க வேண்டியதில்லை. நானோ மத்தியானச் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். சிஸ்டர் அதைப் பார்த்தார். நேற்றுவரை வாலாக இருந்தவள் இன்று பேசாமல் இருக்கிறாள், உண்ணாமல் இருக்கிறாள், கோவிலில் மணிக்கணக்காக முழங்காலில் நிற்கிறாள். அவருக்கு வேறென்ன தோன்றும்? வகுப்பு முழுவதற்கும் என்னைக் காட்டினார். தெருப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அடிக்கும்போது என் பெயரைச் சொல்லி அடித்தார்கள்.

நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "சிஸ்டர், நான் ஒருசந்தி பிடிக்கல. எனக்குப் பசிக்கவே இல்ல."

"அதுதான்ட்டி வரப்பிரசாதம்" என்றார் அவர், கண் கலங்க.

என்ன சொல்லி என்ன? மெலிந்தால் தவம், விழித்திருந்தால் ஜெபம், அழுதால் பக்தி. என் உடம்பில் நடந்த ஒவ்வொரு கேட்டுக்கும் அவர்களிடம் ஒரு நல்ல பெயர் தயாராக இருந்தது. வாலு என்று அடித்தபோதாவது என்னை நானாகப் பார்த்தார்கள். இன்று நினைத்தாலும் வயிறெரிகிறது.

பங்குனி வெயிலில் மடத்துத் தலைவியான மதர் எங்கள் வீட்டுக்கே வந்தார். இந்தப் பிள்ளைக்குக் கன்னியர் ஆகத் தேவ அழைத்தல் இருக்கிறது, ஈஸ்டர் முடிந்ததும் மதுரையில் உள்ள மடத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். அப்பா கைகூப்பி நின்றார். அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. அடங்காத பெண்ணை எவன் கட்டுவான், கட்டினாலும் என்ன பாடு படுத்துவான் என்று அவர் பல வருடம் பயந்திருந்தார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மடத்துக்குப் போக எனக்கு இஷ்டமா என்று அந்த வீட்டில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இஷ்டமில்லை. மாத்திரை இல்லாமல் ஒரு நாள்கூட அந்த மடத்தில் என்னால் இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த வாரமே அப்பா என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "பசி எப்படி இருக்கு?"

"தபசுகாலம் சார். ஒருசந்தி பிடிக்கா. எங்க கோவில் சாமியாரே அசந்துபோயிட்டாரு."

"விரதமா? நல்லது. எங்க அம்மாவும் வெள்ளிக்கிழமை தவறாம இருப்பாங்க."

"எனக்கு நெஞ்சு…" என்று தொடங்கினேன்.

"பெரியவிய பேசும்போது குறுக்க வராத" என்றார் அப்பா. டாக்டர் அதே மாத்திரையை அதே அளவில் எழுதித் தந்தார். என்னை எடை பார்க்கவில்லை. படித்த மனிதர், அடுத்தவர் மதத்துக்கு மரியாதை கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் நாடியைத் தொடாமல் அனுப்பினார்.

குருத்து ஞாயிற்றுக்கு (ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு) முந்தைய வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை (இயேசு சிலுவை சுமந்து நடந்ததை நினைத்துச் செய்யும் ஜெபம்) நடந்தது. ஆண்டவர் மூன்றாம் முறை விழும் ஸ்தலத்தில் எல்லோரும் முழங்காலிட்டார்கள். எழுந்திருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழித்தபோது தரையில் கிடந்தேன். சுற்றிலும் பெண்கள்.

"ஆண்டவரு விழுந்த எடத்துலயே விழுந்துருக்காளே, புண்ணியவதி" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"செத்த நேரம் தள்ளி நில்லுங்க. பிள்ளைக்குக் காத்து வரட்டும்" என்று அம்மாவின் குரல் கேட்டது. சட்டையைத் தளர்த்திய அவள் கை என் விலாவில் அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். "ஏட்டி, மறைக்காமச் சொல்லு. நீ ஒருசந்திதான் பிடிக்கியா?"

"இல்லம்மா. சோறு எறங்க மாட்டேங்குது."

"எப்பருந்து?"

"மாத்திர ஆரம்பிச்சதுலருந்து."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவளும் என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டவள்தான். மறுநாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். டாக்டரிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று அப்பா கேட்டார். "நீங்க சொல்லாததச் சொல்லப் போறேன்" என்று என் கையைப் பிடித்து ரயிலடிக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள்.

டாக்டர் இந்தமுறை எடை பார்த்தார். நாடி பார்த்தார். முகம் மாறியது. டாக்கிகார்டியா (இதயம் அளவுக்கு மீறி வேகமாகத் துடித்தல்) என்று முணுமுணுத்தார்.

"விரதம்னு சொன்னாரேம்மா" என்றார்.

"அவிய சொன்னாவ. நீங்க இவளக் கேட்டியளா?"

டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீ ஏன் அம்மாயி சொல்லல?" என்றார்.

"சொல்ல வந்தேன். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தீங்க."

பிறகு அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். உறக்கம், வாய், பல், கை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குச் சொல்லச் சொல்ல அழுகை வந்தது. மத்தியான மாத்திரையை நிறுத்தினார். காலை மாத்திரையைப் பாதியாக்கினார். எழுந்ததும் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், சாப்பாட்டுக்கு மேல்தான் மாத்திரை, நேரம் தள்ளிப்போனால் உறக்கமும் தள்ளிப்போகும் என்றார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மாத்திரையே வேண்டாம். வாய் உலர்ந்தால் மோரோ நீராகாரமோ அடிக்கடி குடிக்க வேண்டும். இந்த மருந்து எடுப்பவர்களுக்கு நானும் இன்று இதைத்தான் சொல்வேன். உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறதல்லவா? அந்தக் காலத்தில் நன்மை (நற்கருணை; பூசையில் வாங்கி உண்ணும் அப்பம்) வாங்க வேண்டுமென்றால் நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் குடிக்கக்கூடாது. நாங்களோ தினமும் காலைப் பூசையில் நன்மை வாங்குகிறவர்கள். அம்மா பங்குச் சாமியாரிடம் (பாதிரியாரிடம்) போய் விலக்குக் கேட்டாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குத்தான் விலக்கு உண்டு, தன் கையில் ஒன்றுமில்லை என்றார். நான் எழுந்து நடமாடினேன். அதுதான் என் குற்றம். எங்கள் கோவிலில் நன்மைக்கு எழுந்து போகாத பெண்ணைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாவான பாவம் (ஆன்மாவைக் கொல்லும் பெரும் பாவம்) எதையோ கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைக்கும்.

பெரிய வியாழன் (ஈஸ்டருக்கு முந்தைய வியாழன்) காலை அம்மா எனக்கு முன்னால் பழைய சோற்றுக் கிண்ணத்தை வைத்தாள். நான் தொடவில்லை. அவள் ஒரு கவளம் உருட்டினாள். எனக்கு ஊட்டப்போகிறாள் என்று நினைத்தேன். தன் வாயில் போட்டு, நான் பார்க்க மென்று விழுங்கினாள்.

"இப்ப நானும் போக முடியாது. தின்னு" என்றாள்.

கோவிலில் நன்மை நேரத்தில் வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். எல்லாத் தலைகளும் திரும்பின. பூசை முடிந்ததும் மதர் எங்களிடம் வந்தார். என்னை விட்டுவிட்டு, ஏன் நன்மைக்கு வரவில்லை என்று அம்மாவைக் கேட்டார்.

"சாப்பிட்டுட்டு வந்தோம் மதர்" என்றாள் அம்மா, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "இவ பிடிச்சது ஒருசந்தி இல்ல. மருந்து பசியக் கொன்னுபோட்டது. இத நம்பி இவள மடத்துக்கு அனுப்ப மாட்டேன்."

அப்பா ஆண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் மறுக்கவில்லை. மடத்துப் பேச்சு அதோடு நின்றது. புண்ணியவதிப் பட்டமும் போனது. சில வீடுகளில் எங்களிடம் பேச்சும் நின்றது.

அந்த அரை மாத்திரையைப் பள்ளிப் படிப்பு முடியும்வரை எடுத்தேன். பிறகு நானே டாக்டரிடம் சொல்லி நிறுத்தினேன். என் அலைச்சல் இன்றும் இருக்கிறது. மணி பார்த்துச் சாப்பிடும் பழக்கம் மட்டும் எனக்கு வரவே இல்லை. பசி வந்தால்தான் எனக்கு மத்தியானம். வராத நாளில் உட்கார்ந்து என் நாடியை நானே பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் பசி திரும்பி வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். அந்தப் பெரிய வியாழனுக்கு மறுநாள், பெரிய வெள்ளி (புனித வெள்ளி). பள்ளிக்கூடம் இல்லை, அதனால் மாத்திரை இல்லை. ஊரே வெறும் வயிற்றோடு கோவிலில் இருந்தது. எல்லோரும் சிலுவை முத்தி (சிலுவையை முத்தமிடும் சடங்கு) செய்ய நகர்ந்துகொண்டிருந்தபோது வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது. முதலில் வலி என்று பயந்தேன். பிறகு புரிந்தது.

"அம்மா, பசிக்கி."

அம்மா எழுந்து, என் கையைப் பிடித்து, அத்தனை பேருக்கும் நடுவே வெளியே கூட்டிப்போனாள். கோவில் வளாகத்தில், முத்தி முடிந்த பிறகு எல்லோருக்கும் ஊற்ற வேண்டிய கஞ்சி அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒரு சட்டி ஊத்துங்க" என்றாள்.

"உள்ள இன்னும் முடியலயே" என்றார் கஞ்சி காய்ச்சியவர்.

"இவளுக்குப் பசிக்கி. ஊத்துங்க."

ஊற்றினார். நாக்கு சுட்டது, கண்ணில் நீர் வந்தது, நான் நிறுத்தவில்லை. உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வாரத்தில் அன்று ஒரு நாள்தான் என்னால் உண்மையாக ஒருசந்தி பிடித்திருக்க முடியும். நான் இரண்டாவது சட்டியும் வாங்கிக் குடித்தேன்.