ஒரு விரல் வரப்பு

தன் வயலை விட்டுக் கிளம்பும்போது வரப்பண்ணன் இரண்டு காலையும் நன்றாக உதறிவிட்டுத்தான் வெளியே அடி எடுத்து வைப்பார். அவர் மண் அவர் நிலத்திலேயே இருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள தங்கை வயலுக்குப் போய்த் திரும்பும்போது மட்டும் இந்த உதறல் கிடையாது. காலில் ஒட்டியது ஒட்டியபடியே சொந்த நிலத்துக்கு வந்து சேரும்.

வரப்பண்ணன் என்பது ஊர் வைத்த பெயர். உழவுக்கு முன்னால் மண்வெட்டியோடு பொது வரப்புக்குப் போவார். இரண்டு பக்கமும் ஒரு நோட்டம் விடுவார். பிறகு தன் பக்கத்தில் ஒரு விரல் கனத்துக்குச் சீவிவிடுவார். யாராவது பார்த்துவிட்டால், "புல்லு மண்டிக் கெடக்கு, செதுக்குறேன்" என்பார். புல் மருந்துக்கும் இருக்காது. வரப்பு மெலிந்தால் தண்ணீர் நிற்காதே என்று தங்கை தன் வயல் மண்ணை வெட்டிப் போட்டு அணைப்பாள். இப்படியே வருடா வருடம் வரப்பு அவள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

மற்றபடி தங்கமான மனுஷன். விதை கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. "நம்ம மாடு போடுறத விட்டுட்டு மூட்டை மூட்டையா கடையில வாங்கணுமா?" என்று உரக்கடையைக் கேலி செய்வார். யார் வீட்டு மோட்டார் மக்கர் செய்தாலும் சோற்றுக் கையோடு ஓடுவார். மண் என்று வந்தால்தான் கை சும்மா இருக்காது.

கல்குவாரிக்காரர்கள் தங்கை நிலத்தை விலைக்குக் கேட்கிறார்கள் என்று டீக்கடையில் காதில் விழுந்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வயலுக்கும் பாய்கிற கிணறு அவள் பங்கில்தான் இருக்கிறது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார்.

"கிணத்தையும் சேத்தா விக்கப்போற?"

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "இப்படியே போனா நீயே கிணறு வரைக்கும் வந்துடுவண்ணே. அதுக்குள்ள வித்துட்டா எனக்கு ஏதாவது மிஞ்சும்."

"வெளையாடாத. தண்ணி இல்லாம நான் எங்க போவேன்?"

"சீவும்போது அந்த நெனப்பு வரலியா? நான் ஒருத்தியா எவ்வளவுதான் மண்ணு போடுறது? காலையில அவங்கள வரச் சொல்லியிருக்கேன்."

அவளுக்கு எதுவும் தெரியாது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வீடு வந்தார்.

மறுநாள் விடிந்ததும் தன் வயலை வெட்டிக் கூடை கூடையாக மண் சுமந்தார். வரப்பைத் தன் பக்கமே அகலமாக அணைத்தார். பிறகு தங்கை வயலில் இறங்கி, அந்தப் பக்கத்துச் சரிவையும் மண்வெட்டியால் தட்டிக் கெட்டிப்படுத்தினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் தலை நிமிரவில்லை. சாலையோரம் குவாரிக்காரர்களின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

வயலுக்கு வந்த தங்கை காரையும் பார்த்தாள், வரப்பையும் பார்த்தாள்.

"இன்னைக்குப் போட்டுட்ட. அடுத்த உழவுக்கு மறுபடி சீவ மாட்டேன்னு நான் எப்படிண்ணே நம்புறது?"

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வயலுக்குத் திரும்ப வரப்பில் ஒரு காலை வைத்தார். வைத்தவர் நின்றார். அந்தக் காலைப் பின்னுக்கு எடுத்து, தங்கை வயலிலேயே நின்று, இரண்டு காலையும் நன்றாக உதறினார்.