லைனிங் வைத்த பனியன்

என் மகள் போட்டு ஓடுவதற்கென்று வந்த பனியனை நான் முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் எந்தத் துணியையும் அப்படித்தான் பார்ப்போம். ஜவுளிக்கடையில் சேலையின் ஒரு மடிப்புக்குள் கையை விட்டு, வாசல் பக்கம் திருப்பி, விரல் தெரிகிறதா என்று பார்ப்போம். தெரிந்தால் சேலையைக் கீழே வைத்துவிடுவோம். ரவிக்கைத் துணியாக இருந்தால், "பரவாயில்ல, லைனிங் வச்சுத் தச்சுக்கலாம்" என்போம். அன்றைக்குப் பனியனுக்குள் விட்ட என் ஐந்து விரலும் தெரிந்தன. விரல்களைத் தாண்டிச் சன்னல் கம்பியும் தெரிந்தது.

என் தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. அடர்ந்த நீல நிறம். கழுத்தோரத்தில் பாலியெஸ்டர் என்று எழுதிய சின்னப் பட்டி. துணி முழுக்கக் கடுகு நுழைகிற அளவில் வரிசை வரிசையாகத் துளைகள். கையில் வைத்தால் கனமே இல்லை.

எங்களைப் பார்க்க வந்திருந்த என் கணவரின் தங்கை அதை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, துளை வழியே என் மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன மதினி, சிங்கப்பூர்ல கொசுவலையிலயா பனியன் தைக்கிறாக?"

"அத்தை, ஓடுறவங்களுக்குன்னே செய்றது இது. ஓட்டை இருக்கிறதே காத்துப் போறதுக்குத்தான்" என்றாள் மகள்.

"காத்து மட்டுமாடி போகும்? கண்ணும்ல போகும்."

எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டேதான் பனியனை மடித்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது நாகமலை புதுக்கோட்டையில். என் கணவர் கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மகள் கல்லூரியில் முதலாண்டு. காலையில் பல்கலைக்கழகப் பக்கத்து மைதானத்தில் ஓடுவாள். நெடுந்தூரம் ஓடுவதுதான் அவளுக்கு வந்தது. வேகமாகக் கிளம்புகிறவர்கள் களைத்துப் போன பிறகு இவள் அப்படியே போய்க்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் அந்தப் பேச்சைக் கேட்கும்வரை.

எனக்கு முன்னால் நின்ற இரண்டு பையன்களில் ஒருவன் சொன்னான்: "மாப்ள, டீச்சர் மக இன்னைக்கு ஓட வரலடா. வேலிக்கிட்ட இம்புட்டு நேரம் நின்னது வேஸ்ட்டு."

நான் பின்னால் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. பஸ் வந்தது. அவர்கள் ஏறினார்கள். நான் ஏறவில்லை. அடுத்த பஸ் வரும்வரை, அங்கே நின்ற எல்லோருக்கும் அது கேட்டிருக்கும் என்று நினைத்துத் தலையைக் குனிந்தபடி நின்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் மைதானத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொண்டு நானும் போனேன். ஓடி முடித்து நின்றதும் தோளைச் சுற்றிப் போர்த்திவிடுவேன். "வேர்க்குதும்மா" என்று உதறுவாள். மறுபடி போர்த்துவேன்.

ஆவணியில் மாவட்டப் போட்டி. மூவாயிரம் மீட்டரில் முதலில் வருகிறவள் மாநிலப் போட்டிக்கு மெட்ராஸ் போவாள். என் மகளுக்கு அது ஒன்றுதான் கனவு. கல்லூரியின் விளையாட்டு ஆசிரியை பனியனைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம், "இதையே போட்டு ஓடட்டும் டீச்சர். நம்ம பருத்திப் பனியன் நனைஞ்சுச்சுன்னா மேலோட ஒட்டிக்கிட்டுத் தொங்கும். இது ஒட்டாது" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். மறுநாளே அதைத் தையல்காரரிடம் கொண்டுபோனேன்.

எங்கள் தெரு முனையில் கடை வைத்திருக்கிறவர். எனக்கும் என் மகளுக்கும் எல்லாம் அவர் தைத்ததுதான்.

"இதுக்கு உள்ள லைனிங் வைக்கணும்" என்றேன்.

"வச்சுட்டாப் போச்சு டீச்சர். மல் துணி போதுமா?"

"மல்லுன்னா வேர்வையில நனைஞ்சா தெரியுமே."

"அப்ப பாப்ளின் வைப்போம். முன்பக்கம் ரெண்டு மடிப்பாக் குடுத்துர்றேன். அதுக்கப்புறம் டார்ச் அடிச்சுப் பாத்தாலும் ஒன்னும் தெரியாது."

அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது எழுதக் கூசுகிறது. இரண்டு மடிப்பே வையுங்கள் என்றேன்.

தைத்து வந்ததை மகள் போட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள். "கொஞ்சம் பிடிக்குதும்மா" என்றாள். "புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. பேசியிருந்தால் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. போட்டியன்று காலையில் இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன்: "தண்ணி ரொம்பக் குடிக்காத. அங்க பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பாத்ரூம் கிடையாது." அதற்கும் சரி என்றாள்.

காலையில் நடக்க வேண்டிய ஓட்டம் தள்ளிப்போய், வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் தொடங்கியது. அதுவரை பிள்ளைகள் நிழலில்லாத இடத்தில் நின்றார்கள். நானும் என் கணவரும் பந்தலுக்குள் இருந்தோம். வேலியோரம் கூட்டமாக ஆண்கள். நான் முதல் சுற்றில் மகளைப் பார்த்ததைவிட அவள் பனியனைத்தான் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பாருங்கடா, நல்லாப் பாருங்க என்று மனதுக்குள் வேலியோரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

பாதி ஓட்டம் வரை இரண்டாவதாக வந்தாள். பிறகு நீலப் பனியன் கறுத்துப் போனது. கழுத்திலிருந்து இடுப்புவரை நனைந்துவிட்டது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். அப்படி அவள் மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை. ஒருத்தி தாண்டினாள், இன்னொருத்தி தாண்டினாள். "என்ன, பிள்ளை ஒரு மாதிரி ஓடுது?" என்று என் கணவர் எழுந்தார். அவர் எழுவதற்குள் அவள் பாதையை விட்டுப் புல்லுக்குள் நடந்து, உட்கார்வது போலச் சரிந்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது விளையாட்டு ஆசிரியை அவள் தலையைப் பிடித்திருந்தார். முகம் சிவந்து, உடம்பு அனலாகக் கொதித்தது. என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாமல் உளறினாள். "பனியனைக் கழட்டுங்க, தண்ணிய ஊத்துங்க" என்று கத்தினார் ஆசிரியை. சுற்றி ஆண்கள் ஓடி வந்து நின்றுவிட்டார்கள்.

என் மகள் கழற்ற விடவில்லை. கண் சொருகியிருந்தது, தன் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இரண்டு கையாலும் பனியனின் கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பாப்பாங்க, பாப்பாங்க" என்று அது ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னாள். வீட்டில் நான் சொல்லும் சொல் அது. கையைத் தூக்காத, பாப்பாங்க. குனியாத, பாப்பாங்க. உடம்பில் நினைவு எல்லாம் போன பிறகும் அது போகாமல் நின்றிருக்கிறது.

ஆசிரியையும் இன்னும் இரண்டு பெண்களும் என் துண்டையும் ஒரு தாவணியையும் மறைப்பாகப் பிடித்தார்கள். அவள் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவ்வளவு பலம் அந்த விரல்களில். பனியனைத் தலைவழியே உருவிப் பக்கத்தில் போட்டபோது ஈரத் துணிமூட்டை விழுவது போல விழுந்தது.

தண்ணீர் ஊற்றி, விசிறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சாயங்காலத்துக்குள் அவளுக்குத் தெளிந்துவிட்டது. டாக்டர், "வெயில், தண்ணி குடிக்காதது, எல்லாம் சேர்ந்து அடிச்சிருச்சு. கொஞ்சம் தாமதமாகியிருந்தா மோசமாயிருக்கும்" என்றார். ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "தாகமே எடுக்கல டாக்டர்" என்றாள்.

டாக்டர் போன பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மூச்சு இழுக்க முடியலம்மா. யாரோ பின்னாலருந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டே கூட ஓடி வர்ற மாதிரி இருந்துச்சு."

வீட்டுக்கு வந்ததும் பனியனை அலசிக் கொடியில் போட்டேன். நீலத் துணி சீக்கிரமே காய்ந்துவிட்டது. உள்ளே கையை விட்டால் பாப்ளின் அப்படியே ஈரம். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாதா? பாலியெஸ்டர் குடிக்காது. வேர்வை அதன்மேல் பரவும், காற்றுப் பட்டதும் போய்விடும். வேர்வையை உறிஞ்சாத துணி உடம்புக்கு ஆகாது என்று நாங்கள் எப்போதும் சொல்வோம். நெருக்கி நெய்த பாலியெஸ்டர் சட்டைக்கு அது சரி. இதில் காற்று போக வழி விட்டிருந்தார்கள். அந்த வழியைத்தான் நான் இரண்டு மடிப்பாக அடைத்திருந்தேன்.

லைனிங்கைப் பிரிக்கப் பிளேடை எடுத்தேன். ஒரு பக்கத் தையலைப் பிரித்தபின் அந்தப் பக்கத்தை இழுத்துப் பார்த்தேன். நீண்டு கொடுத்தது, விட்டதும் சுருங்கியது. பிரிக்காத பக்கத்தை இழுத்தேன். அசையவில்லை. பனியன் பின்னிய துணி, வளையம் வளையமாகக் கோத்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சோடு சேர்ந்து விரியும். பாப்ளின் நெய்த துணி, நெடுக்கும் குறுக்கும் இறுகியது, விரியாது. கட்டிப் பிடித்துக்கொண்டு கூட ஓடியது யார் என்று எனக்குப் புரிந்தது. மீதித் தையலையும் பிரித்து முடித்தேன்.

பள்ளியில் அந்த மாதம் ஆவியாதல் பாடம் வந்தது. வருஷா வருஷம் ஒரு மண்பானையை மேசையில் வைத்துத்தான் நடத்துவேன். பானை வேர்க்கிறது, வேர்வை ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, உள்ளே தண்ணீர் குளிர்கிறது. பிறகு, "இந்தப் பானைக்குப் பெயின்ட் அடிச்சா?" என்று கேட்பேன். அன்றும் கேட்டேன். "குளிராது டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. முன்வரிசைப் பெண் எழுந்து, "வேர்வை வெளிய வர முடியாதுல்ல டீச்சர்" என்றாள். பானையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மெட்ராஸுக்கு வேறொருத்தி போனாள். என் மகள் காலையில் ஓட எழுவதை நிறுத்திவிட்டாள். யாரும் ஓடாதே என்று சொல்லவில்லை. கணவர்கூட, "டாக்டர்தான் ஓடலாம்னுட்டாரே, போயேன் பாப்பா" என்றார். நான் பனியனை அவள் அலமாரியில், மேலாக, கண்ணில் படும்படி வைத்தேன். அது வைத்த இடத்திலேயே கிடந்தது. இனி ஓடவே மாட்டாளோ என்ற பயம் எனக்கு. அவள் ஓட வேண்டும் என்று நான் அந்த அளவு ஆசைப்பட்டது அதுதான் முதல்முறை.

மார்கழி பிறந்தபின் ஒருநாள் பனியனோடு வந்து நின்றாள். விளிம்பைச் சுற்றித் தையல் பிரித்த ஊசித் தடங்கள் இருந்தன. அதை விரலால் தடவிக்கொண்டே, "லைனிங் எங்கம்மா?" என்றாள்.

"பிரிச்சுட்டேன். அது இல்லாமத்தான் போடணும்."

"பாப்பாங்களே."

கேலியாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று தெரியவில்லை. "பாத்தாப் பாக்கட்டும்" என்றேன். சொன்ன குரல் எனக்கே நம்பும்படி இல்லை. அவள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரு செம்புத் தண்ணீரை நானே மொண்டு கொடுத்தேன். முழுக்கக் குடித்தாள்.

மைதானத்தில் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் துண்டு என் தோளில் இருந்தது. அவள் மேல்சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பாதைக்குப் போனாள். என் கை தானாகத் துண்டுக்குப் போனது. அதை உருவித் தரையில் மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

வேலியோரம் இரண்டு பேர் வந்து நின்றார்கள். சைக்கிளோடு ஒருவன் வந்தான். பால் கேனோடு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். சைக்கிள்காரன் பக்கத்தில் இருப்பவனிடம் ஏதோ சொன்னான். அவன் சிரித்தான்.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஓட்டத்தை முடித்துவிட்டு வந்து நின்றாள். பனியன் ஒட்டாமல் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

"எப்படிம்மா ஓடுனேன்?"

நான் அவள் மேல்சட்டையை எடுத்து நீட்டினேன்.

"நீ எங்க என்னையப் பாத்த?" என்றாள். "வேலியவேதான் பாத்துக்கிட்டு இருந்த. எந்திரி, துண்டக் குடு. எனக்கு மூஞ்சி துடைக்கணும்."