ரெண்டாவது துடுப்பு

தோணியில் போனது மூணு பேர். ஏரிக்கு லஸ்கராக இருந்தவர் ஒருத்தர். ஊரில் எல்லாருக்கும் அவர் அண்ணாத்தே. என் பெண்சாதியின் தம்பி ஒருத்தன். நான் ஒருத்தன். வண்டியில் வந்தது பூந்தமல்லி பாய், பெட்டி செய்கிற தச்சர். அவரோடு மாடு ரெண்டு.

யுத்தம் வருவதற்கு முந்தின வருசம், மார்கழி மாசம். செம்பரம்பாக்கம் ஏரி ரொம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெரிய வெள்ளம் வடிந்துவிட்டது. இடுப்பளவு ஓடியது.

லஸ்கர் வேலை என்றால் மதகைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குச் சர்க்காரில் ஒரு தோணி கொடுத்திருந்தார்கள். ஒல்லித் தோணி. மூணு பேர் உட்கார்ந்தால் ஒருத்தன் முழங்கால் இன்னொருத்தன் முதுகில் இடிக்கும். துடுப்பு ரெண்டு. கட்டுவதற்கு ஒரு சங்கிலி. அதில்தான் நானும் மச்சானும் விரால் பிடிப்போம். அண்ணாத்தே கண்டுகொள்ள மாட்டார். அவர் வீட்டுக்கு ஒரு விரால் போய்விடும்.

ஒரு நாள் அவரே பேச்செடுத்தார்.

"பத்தொம்போது வருசமா இந்தத் தண்ணியத் தொறந்து வுட்டுகினு கீறேன். எங்க போவுதுன்னு பாத்ததில்ல."

"எங்க போவும்? கடலுக்குத்தான்," என்றான் மச்சான்.

"நீ பாத்தியா?"

"இல்ல."

"அப்போ வாய மூடு."

தோணியிலேயே போய்ப் பார்க்கலாம் என்று ஆயிற்று. மச்சானுக்குக் கொடுவா பிடிக்க ஆசை. ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஆள் நீளத்துக்குக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆசை என்று ஒன்றும் இல்லை. அறுப்புக்கு ஒரு மாசம் இருந்தது. போனேன்.

ஒரு சிக்கல் இருந்தது. திங்கள்கிழமை காலையில் ஓவர்சியர் வருவார். மாசம் ஒரு தரம் வந்து பார்ப்பார். தோணி மதகடியில் இருக்க வேண்டும். துடுப்பு ரெண்டும் அதில் இருக்க வேண்டும். இவருக்கு முன்னால் இருந்த லஸ்கர் ஒரு துடுப்பைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர். அந்த இடத்தில்தான் அண்ணாத்தே வந்து சேர்ந்தார். அவருக்கு நிலம் கிடையாது. நாலும் பெண். மதகடிக் கூரை வீடும் வேலையோடு வந்ததுதான்.

ஆறு இறங்கித்தான் போகும். அதில் ஏறி வர முடியாது. தோணியைத் திருப்பிக் கொண்டுவர வண்டி வேண்டும். பாயிடம் போனோம். அவர் இழைத்துக்கொண்டே கேட்டார்.

"வெள்ளிக்கெழம தொழுகைய முடிச்சிட்டு வண்டியப் பூட்றேன். சனிக்கெழம மத்தியானம் கடலாண்ட நிப்பேன். எனக்கு இன்னா குடுப்பீங்க?"

"மீனுல பாதி, பாய்."

"போன தபாவும் இப்டித்தான் சொன்னீங்க. கெளுத்தி மீசை வந்துது ஊட்டுக்கு."

வெள்ளிக்கிழமை விடிகிறபோது தோணியைக் கலங்கலுக்குக் கீழே இறக்கினோம். அண்ணாத்தே முன்னால், மச்சான் நடுவில், நான் பின்னால். துடுப்பு அதிகம் போடவில்லை. தண்ணீரே இழுத்துப் போயிற்று. குன்றத்தூர் தாண்டி மணல் திட்டு நிறைய. தட்டின இடத்தில் இறங்கித் தள்ளினோம். கரையில் எருமை மேய்த்தவன் ஒருத்தன் ஏரித் தோணியைப் பார்த்துவிட்டு, "வழி தவறிட்டீங்களா?" என்று கத்தினான். மச்சான் கையைக் காட்டினான்.

மச்சான் தூண்டில் போட்டுக்கொண்டே வந்தான். கெண்டை ஏழெட்டு விழுந்தது. சைதாப்பேட்டைப் பாலத்துக்கு இப்பால் மணலில் ஏறி, அதைச் சுட்டுத் தின்றோம். அங்கேயே படுத்தோம். பாலத்தடியில் வண்ணார்கள் வேட்டிகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தூங்கிப்போனேன்.

சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம். போகப் போக ஆறு அகலமாயிற்று. இழுப்பு குறைந்தது. அண்ணாத்தே ஒரு கை அள்ளி வாயில் வைத்தார்.

"கரிக்குது," என்றார்.

வெயில் ஏறும்போது கடல் சத்தம் கேட்டது. கரையெல்லாம் கருப்புச் சேறு. சேற்றில் ஒரு கம்பு நட்டிருந்தது. தோணியின் மூக்கைச் சேற்றில் ஏற்றி, அண்ணாத்தே சங்கிலியை அந்தக் கம்பின் அடியில் கட்டினார். ஒரு சாண் கூட விடாமல் இழுத்துக் கட்டினார். ஏரியில் அப்படித்தான் கட்டுவோம். தளர விட்டால் காற்றில் அலை அடித்து, தோணி கரைக் கல்லில் மோதி உடையும். துடுப்பு ரெண்டையும் உள்ளே படுக்க வைத்தார். நடந்து போய்க் கடலைப் பார்த்தோம்.

அண்ணாத்தே மணல் மேட்டில் குந்தினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுக்குள்ள கொட்டவா வெரல்கட வெரல்கடயா அளந்துகினு இருந்தேன்," என்றார்.

மச்சான் இரவல் வாங்கி வந்த வீச்சு வலையை அலையில் எட்டு தரம் வீசினான். ஒரு நண்டு வந்தது. அதுவும் அவன் கட்டை விரலைக் கடித்துப் பிடித்துக்கொண்டு வந்தது.

"கொடுவா எம்மா நீளம் கீது, மச்சான்?" என்று கேட்டேன்.

"சும்மா இரு, மாமா."

திரும்பி வந்தபோது தோணியைக் காணோம். கம்பு இருந்தது. கம்பைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர். கிட்டே போனபோது தோணியின் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே தெரிந்தது. மூக்கைச் சங்கிலி அடியில் பிடித்து வைத்திருந்தது. தண்ணீர் ஏறி, தோணி எழும்ப முடியாமல் மூழ்கிவிட்டது. துடுப்பு ரெண்டும் இல்லை.

ஏரித் தண்ணீர் ஏற ஒரு மழைக்காலம் ஆகும், இறங்க ஒரு கோடை ஆகும். ஒரு காலை வேளையில் இடுப்பளவு ஏறும் என்று எங்களுக்குத் தெரியாது.

அண்ணாத்தே வேட்டியை மடித்துக் கட்டினார். "வாங்க," என்றார். மூணு பேரும் கடல் பக்கம் ஓடினோம். ஆற்றில் போனது கடலுக்குத்தானே போயிருக்கும். மணல் முனை வரைக்கும் ஓடினோம். அலையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சேற்றில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பொம்பளை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், இன்னாத்த தேடறீங்க?"

"துடுப்பு," என்றேன்.

"அத்த இங்க தேடறீங்களே. கடல் ஏறுது. எல்லாம் மேக்காலதான் போவும். ஆறு இப்போ பின்னால ஓடுது, கண்ணு தெரில?"

தண்ணீரைப் பார்த்தேன். ஒரு தென்னை மட்டை ஊர்ப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

"எந்த ஊருய்யா?"

"ஏரிக்கரை."

"அதான். கட்டுன லச்சணத்தப் பாத்தே நெனச்சேன். மாடு கட்றாப்ல கட்டிக்கீறீங்க."

மேற்கே ஓடினோம். கால் மைல் தள்ளி, கோரையில் செருகிக்கொண்டு ஒரு துடுப்பு இருந்தது. இன்னொன்று இல்லை. சைதாப்பேட்டைப் பாலம் கண்ணில் படுகிற வரைக்கும் கோரை கோரையாக விலக்கிப் பார்த்தோம். மச்சான் மார்பளவு தண்ணீரில் இறங்கி எதிர்க்கரையும் பார்த்தான். இல்லை.

மத்தியானம் திரும்பி வந்தால் பாய் வண்டியை அவிழ்த்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"தோணி எங்க?"

"கீழ."

"மீனு?"

மச்சான் நண்டைக் காட்டினான். பாய் சிரிக்க ஆரம்பித்தார். அண்ணாத்தே ஒற்றைத் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"திங்கக்கெழமயா ஓவர்சியர்?"

"ஆமா."

பாய் எழுந்து போனார். வண்டியின் பக்கப் பலகைகளைத் தட்டிப் பார்த்தார். நீளமான ஒன்றை ஆணி பிடுங்கிக் கழற்றினார்.

"வண்டி பாழாப்பூடும், பாய்," என்றார் அண்ணாத்தே.

"பலக எங்கிட்ட கீது. வேல எங்க கீது உனக்கு? அந்தத் துடுப்ப இப்டி வையி, அளவு பாக்கணும்."

வண்டி நிழலில் உட்கார்ந்து வாச்சியால் செதுக்கினார். அளவு பார்ப்பார், செதுக்குவார். மரத்தூள் அவர் லுங்கியெல்லாம் விழுந்தது. தோணியை இழுத்துப் போடலாமா என்று மட்டிக்காரியிடம் கேட்டேன்.

"எதுக்குய்யா இழுக்கற? ஏறுன தண்ணி எறங்கும். குந்து."

குந்தினோம். சாயங்காலம் அவள் சொன்னபடி தண்ணீர் இறங்கிற்று. முதலில் தோணியின் விளிம்பு தெரிந்தது. அப்புறம் முழுசாகச் சேற்றில் உட்கார்ந்தது. உள்ளே வழிய வழிய தண்ணீர். மாட்டு வாளியால் இறைத்தோம். பாதி இறைத்தபோது உள்ளே துள்ளிற்று. மடவை மீன். முழங்கை நீளம். தோணிக்குள் வந்ததுகள் வெளியே போக வழி தெரியாமல் இருந்துவிட்டன. ஒன்பது இருந்தது.

"நம்மளவிட இந்தத் தோணி தேவல," என்றான் மச்சான்.

மட்டிக்காரிக்கு ரெண்டு கொடுத்தோம். பெரிசாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். "இனிமே சங்கிலிய நீளமா வுடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். பாய்க்குப் பாதிக்கு மேலே போயிற்று. அவர் எண்ணித்தான் வாங்கினார்.

தோணியைக் கவிழ்த்து வண்டியில் ஏற்றிக் கட்டினோம். பக்கப் பலகை இல்லாத பக்கம் நான் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கு வந்தோம். தோணியைக் கழுவி மதகடியில் கட்டினோம். புதுத் துடுப்பு வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. மச்சான் அதை ஏரிச் சேற்றில் புரட்டி, வண்டி அச்சு மசையைத் தேய்த்து, வெயிலில் போட்டான். சாயங்காலம் பார்த்தபோது பரவாயில்லை.

திங்கள்கிழமை நான் மாடு கழுவுகிற மாதிரி மதகுக்குப் பக்கத்தில் நின்றேன். ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். மதகைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். தோணிக்கு வந்தார். ஒரு துடுப்பைக் கையில் எடுத்தார். புதுசு. திருப்பினார். அடியில் ஆணி அடித்த ஓட்டை ரெண்டு இருந்தது. அதுவரைக்கும் எங்கள் மூணு பேர் கண்ணிலும் அது படவில்லை.

"இது என்னய்யா ஓட்டை?"

வலை காயப்போட ஆணி அடித்தேன் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அண்ணாத்தே தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வண்டிப் பலக, சார்."

"பழைய துடுப்பு எங்கே?"

"பூட்சி, சார்."

"எங்கே போச்சு?"

"மேக்கால."

ஓவர்சியர் ஏரியைப் பார்த்தார். மேற்கே ஏரிதான் இருந்தது. மாட்டின் முதுகில் தண்ணீர் ஊற்றின கையை நான் எடுக்கவில்லை. அண்ணாத்தேயின் பெண்களில் சின்னது கூரை வாசலில் நின்றது.

ஓவர்சியர் துடுப்பைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீரில் ஒரு தரம் போட்டு இழுத்துப் பார்த்தார். பழையதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு எண்ணிக்கை இருந்தா போதும்யா," என்றார்.

குனிந்து விரலால் தொட்டு எண்ணினார்.

ஒன்று. ரெண்டு.