அருகம்புல் சூப்பர்வைசர்

ஊரெல்லாம் வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே வீசுகிற ஒரு புல்லை, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு வளர்ப்பதுதான் நான் பார்த்த உத்தியோகம். வீட்டு முன்னால் நாலடிக்குப் புல்தரை போட்டுவிட்டு, அது ஒரு பக்கம் காய்ந்தும் மறுபக்கம் அழுகியும் போவதைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. நாமெல்லாம் ஒரே கட்சி.

தொண்ணூறுகளின் கடைசி அது. விளாங்குடி தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒன்பது குழி உள்ள ஒரு கோல்ஃப் மைதானம். குழியைச் சுற்றிப் புல் கிடையாது. எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி வைத்திருப்பார்கள், பந்து அதில் உருளும். கிளப் செயலாளர் நூல் வியாபாரம் செய்யும் சௌராஷ்ட்ரக்காரர், தங்கமான மனிதர். ஊட்டிக்குப் போய் அங்கே மைதானத்தின் பச்சையைப் பார்த்துவிட்டு வந்தார். அதோடு பிடித்தது வினை.

"மூணு குழிக்கு மட்டும் புல் போடுவோம். மழை, பனி எல்லாம் தாண்டி தை மாசப் போட்டி வரைக்கும் உசுரோட இருந்தா மிச்ச ஆறுக்கும் புல்லு. இல்லேன்னா பழையபடி மணல்" என்று சொல்லிவிட்டார். மணல் என்றால் எண்ணெய் டின்னோடு ஒரு ஆள் போதும். புல் என்றால் நானும் ஆறு பெண்களும் வேண்டும். ஆக, ஏழு பேர் பிழைப்பு அந்த மூன்று வட்டத்துக்குள் கிடந்தது.

என்ன வெள்ளாமை?

வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஊருக்குப் போனேன். அப்பாவுக்கு செக்கானூரணிப் பக்கம் நாலு ஏக்கர். சாப்பிடும்போது, "என்ன வெள்ளாமைடா பாக்கப் போற?" என்று கேட்டார். அருகம்புல் என்றேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. அவருக்கும் அருகுக்கும் ஜென்மப் பகை. அதைக் கொத்திக் கொத்தியே அவருக்கு இடுப்பு போனது.

இது நர்சரியில் வாங்குகிற ரகம், இலை மெலிசாக இருக்கும், நம்ம அருகுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி என்றெல்லாம் விளக்கிப் பார்த்தேன். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "ஏன்டா, அதுக்கு எதுக்குக் காலேஜுக்குப் போன? நம்ம வயல்ல நான் ரெண்டு மாசம் சும்மா படுத்துக் கெடந்திருந்தா தானா வளந்திருக்குமே!"

முதல் களை

ஆறு பெண்களுக்கும் தலைவி பாண்டியம்மா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சார் என்று கூப்பிடச் சொன்னேன், தம்பி என்றுதான் கூப்பிட்டார். எல்லோரும் வயல் வேலை பார்த்த கைகள். புல் நட்டு இரண்டாவது மாதம், முதல் வட்டத்தைக் காட்டி "களை எடுத்துருங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உரம் வாங்க டவுனுக்குப் போனேன். நான் சொன்னது புல்லுக்கு நடுவில் முளைத்திருந்த கோரையை. அதை வாயைத் திறந்து சொல்லவேண்டும் என்று இந்தப் பட்டதாரிக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் வந்து பார்த்தால், பாதி வட்டத்தில் அருகு ஒரு இணுக்கு இல்லை. கோரை மட்டும் நாற்று நட்ட மாதிரி அழகாக நிற்கிறது. அருகு ஓரத்தில் குவியலாகக் கிடக்கிறது. "ஒரு வேர் விடலை தம்பி, ஆழமா ஓடிருந்துச்சு" என்று பாண்டியம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார். நான் கத்திய கத்தலில் ரோட்டில் போன சைக்கிள் நின்றது. அறுபது வருஷம் பேசவேண்டியதை அன்றைக்கே பேசிவிட்டேன், இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

குவியலை அள்ளி, துண்டு துண்டாகக் கிள்ளி, ஆறு பேரும் பொழுது சாய்வதற்குள் அத்தனையையும் திருப்பி ஊன்றித் தண்ணீர் விட்டார்கள். போகும்போது பாண்டியம்மா சொன்னார்: "வெசனப்படாதீங்க தம்பி. ஆயுசு பூரா கொத்தியும் எங்களால அதைச் சாகடிக்க முடியலை, இந்த ஒரு நாள்லயா செத்துறப் போகுது?"

குத்து

மூன்றே வாரத்தில் அது துளிர்த்துவிட்டது. அடுத்தது ஐப்பசி. அடைமழைக்கு முன்னால் புல்தரை முழுக்க முள்கரண்டி மாதிரி ஒரு கருவியால் குத்தித் துளை போடவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும். குத்தி, மேலே மணலும் தூவி வைத்தோம். பார்க்க அம்மைத் தழும்பு மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலை ஒரு எலும்பு டாக்டர் விளையாட வந்தார். குறிபார்த்துத் தட்டினார். பந்து துளைக்குத் துளை தடுக்கி ஆடி அசைந்து நடுவழியில் நின்றுவிட்டது. மட்டையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இத்தனை குழி போட்டு வச்சிருக்கீங்களே, இதுல எதுல போட்டா ஒத்துக்கிருவீங்க?"

பனி

மார்கழி பிறந்ததும் விடியற்காலைப் பனி புல் நுனியில் நிற்கும். வெயில் வரும்வரை விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் நீளக் கயிற்றைப் பெண்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து, புல்மேல் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். பனி உதிர்ந்துவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, மூன்று வட்டமும் முடியும்வரை நின்று பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏன் அண்ணே, அம்புட்டுப் பனியையும் இழுத்துட்டுப் போயி எங்கிட்டுக் கொட்டுவீங்க?"

மஞ்சள்

இனிமேல் சொல்வது சிரிப்புக்கு இல்லை. குளிர்காலத்தில் புல்லைக் கொஞ்சம் உயரமாக விடவேண்டும், யூரியாவைக் குறைக்கவேண்டும். பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கிய பாடம்தான் இது. ஆனால் செயலாளர் ஆட்களோடு பார்க்க வருகிறார் என்றதும், பச்சை கூடட்டும் என்று கிளப் வாசலுக்கு நேரே இருந்த மூன்றாவது வட்டத்தில் யூரியாவை வீசி, ஒட்டவும் வெட்டினேன். ஆசை யாரை விட்டது. நாலாம் நாள் காலை, தோசைக்கல் அகலத்துக்குப் பூஞ்சணம் பிடித்த மஞ்சள் வட்டம், ஒன்றல்ல, பதினொன்று.

செயலாளர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தை பத்தாம் தேதி போட்டி. எனக்கும் மேல கமிட்டி இருக்கு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. நர்சரியில் கேட்டால் மாசி வரை புல் இல்லை என்கிறார்கள். ஆறு பெண்களும் மரத்தடியில் தூக்குவாளியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். தப்பு என்னுடையது, வேலை போகப்போவது அவர்களுக்கும். பாண்டியம்மாதான் வாயைத் திறந்தார்: "ஆடு மேஞ்ச வரப்புல மிஷின்ல வெட்டின மாதிரி பொடிசா அருகு கெடக்கும் தம்பி. மண்ணோட செதுக்கிட்டு வந்து பதிச்சா என்ன? வரப்பு வச்சிருக்குற ஆளு யாரையும் தெரியுமா?"

எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும்.

வாய்க்கால் வரப்பு

அப்பாவிடம் போய் நின்றேன். இந்த ஜென்மத்துக்குப் போதுமான கேலி கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் முழுவதையும் கேட்டார், எத்தனை பேருக்கு வேலை என்று கேட்டார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வாய்க்கால் வரப்பில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முதல் சதுரத்தை அவரே செதுக்கினார். வண்டியில் ஏற்றி முடித்ததும் ஒன்றுதான் சொன்னார்: "எம்புட்டு வேணுமோ எடுத்துக்க. ஆனா வேரோட எடு, எனக்கு மிச்சம் வச்சிட்டுப் போயிராத."

பூஞ்சண மண்ணைத் தோண்டிக் கழித்து, புது மணல் போட்டு, பதினோரு இடத்திலும் பதித்தோம். இருபது நாளில் பிடித்துக்கொண்டது. இலை கொஞ்சம் முரடுதான், குனிந்து பார்த்தால் தெரியும். போட்டி அன்று செயலாளர் குனிந்து பார்த்துவிட்டார். "இந்த இடம் மட்டும் கெட்டியா இருக்கே, எந்த ஊரு வெரைட்டி?" என்றார். பாண்டியம்மா முந்திக்கொண்டு சொன்னார்: "நாங்க காலமெல்லாம் பிடுங்கிப் போட்ட வெரைட்டி சார்." செயலாளர் சிரித்துக்கொண்டே மிச்ச ஆறுக்கும் சரி என்றார். அன்றைக்கு வேலை முடிந்து கிளம்பும்போது பாண்டியம்மா முதல்தடவையாக என்னையும் சார் என்று கூப்பிட்டார், கேலியாகத்தான்.

அடுத்த மார்கழியில் ஊருக்குப் போனேன். வயல் முழுக்கக் கண்ணாடி மாதிரி சுத்தம். வாய்க்கால் வரப்பில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்கு அருகு, ஒட்ட மேய்ந்து பச்சைப்பசேலென்று. இதை ஏன் கொத்தாமல் விட்டீர்கள் என்று கேட்டேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கெடக்கட்டும்டா. குளிர்காலம், உனக்குத் திடீர்னு வேணும்பே."

எங்கள் குடும்பத்தில் அருகம்புல்லிடம் தோற்றவர்கள் இரண்டு பேர், அதில் சம்பளம் வாங்கிக்கொண்டு தோற்றவன் நான் ஒருத்தன்தான்.