மதிலோரத்து மெழுகுவர்த்தி

கல்லறைத் திருநாளில் மெழுகு பொறுக்கப் போகிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. எரிகிற திரியைத் தொடக் கூடாது. காற்றில் அணைந்ததையும், உருகிக் கல்லில் வழிந்து உறைந்ததையும் மட்டும் எடுக்கலாம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் ராயபுரத்தில் மெழுகு பொறுக்கிய எல்லாருக்கும் தெரியும். நான் அதை ஒரே ஒரு தடவை மீறினேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய சாமான் குறைவு. கதவுக்குத் திரை கோதுமைச் சாக்கு. அலமாரி, கப்பலில் வந்த பெட்டியின் பலகை. துணி காயப்போடும் கொடி, அறுந்த கப்பல் கயிற்றில் பிரித்த ஒரு புரி. வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கக்கூட எனக்குக் கூச்சம். பலகைக்குப் பக்கத்தில் சும்மா நிற்பேன். "இன்னாத்துக்கு நிக்கிற, பொண்ணு பாக்க வந்தியா?" என்பார் மேஸ்திரி. சிரித்துக்கொண்டே பலகையைக் காலால் என் பக்கம் தள்ளிவிடுவார்.

வீட்டில் கரண்டு இல்லை. கிருஷ்ணாயில் ரேஷன் கடையில் வந்தால் உண்டு, மழைக்காலத்தில் அதுவும் சரியாக வராது. அதனால்தான் மெழுகு. பால் டப்பாவில் போட்டு உருக்கி, பப்பாளி இலைக்காம்புக்குள் நூலை விட்டு ஊற்றுவோம். ஆறியதும் காம்பைக் கீறினால் மெழுகுவர்த்தி. கோணலாக வரும், ஆனால் எரியும். அந்த வெளிச்சத்தில்தான் என் மனைவி கூலிக்குச் சாக்கு தைப்பாள். கல்லறைத் திருநாளுக்கு ஒரு பை நிறையப் பொறுக்கினால் பொங்கல் வரைக்கும் ஓட்டலாம்.

அந்த வருஷம் நான் வேலை முடிந்து போய்ச் சேருவதற்குள் மற்றவர்கள் பொறுக்கிவிட்டார்கள். தூறல் விட்டிருந்தது. கடல் காற்று இருந்தது. எரிகிறவை எரிந்துகொண்டிருந்தன, அணைந்தவை ஒன்றும் மிச்சமில்லை. பையில் கைப்பிடி மெழுகு. அப்படியே சுற்றிச் சுற்றி மதிலோரம் போனேன். ஞானஸ்நானம் வாங்காமல் செத்த பச்சைக் குழந்தைகளை அந்தக் காலத்தில் அங்கேதான் புதைப்பார்கள். கல் இருக்காது, மண்மேடுதான். அதில் ஒரு மேட்டில் தடியான புது மெழுகுவர்த்தி ஒன்று எரிந்தது. ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. பக்கத்தில் ஆள் இல்லை. பற்றவைத்தவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். எப்படியும் காற்று அணைக்கத்தானே போகிறது என்றும் நினைத்தேன்.

குனிந்து ஊதினேன்.

சூட்டோடு பிடுங்கினால் மெழுகு பையில் ஒட்டும். ஆறட்டும் என்று நாலு கல்லறை தள்ளிப் போய் நின்றேன். அப்போது இரண்டு பெண்கள் வேகமாக வந்தார்கள். ஒருத்தி எங்கள் காம்பவுண்டில் பக்கத்து வீட்டுப் பெண். மற்றவள் அவளுடைய மாமியார். அந்தப் பெண்ணுக்கு ஆடியில் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. கப்பலில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் வந்துதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அடக்கத்தன்று நான் வேலையில் இருந்தேன். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. ஜெபம் சொல்லச் சாமியாரைக் கூப்பிடப் போனவள், கூட்டத்தில் அவர் கிடைக்காமல் மாமியாரோடு திரும்பியிருக்கிறாள்.

ஒரு பெரிய கல்லறைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

அவள் தீக்குச்சி கிழித்தாள். திரி நனைந்திருந்ததோ, மெழுகில் மூழ்கியிருந்ததோ, பற்றவில்லை. இன்னொன்று. மூன்றாவதும் பற்றவில்லை.

"வுடு," என்றாள் மாமியார். "நான் அப்பவே தலப்பாடா அடிச்சிக்கினேன், கோயிலுக்குத் தூக்கினு போய் ரெண்டு சொட்டு தண்ணி ஊத்திக்கினு வாங்கன்னு. அண்ணன் வரணும், அண்ணன் வரணும்னு குந்திக்கினு கெடந்த. பாரு, சுத்தி எல்லாம் எரிஞ்சிக்கினு கீது, ஒன் புள்ளது மட்டும் நிக்கல. ஆத்துமா வெளிச்சத்த வாணாங்குது."

அந்தப் பெண் அணைந்த மெழுகுவர்த்தியைப் பிடுங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள். நான் வெளியே வந்திருக்கலாம். பத்தடி தூரம்தான். வரவில்லை.

அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று காம்பவுண்டில் பேசிக்கொண்டார்கள். குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பாள். புள்ளை இருட்டில் கிடக்கிறது என்று அவளாகச் சொல்வாளாம். என் மனைவியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவள் கையில் இருந்த கோணி ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஊதினது ஒன் வாய்தானே," என்றாள். "அதே வாயால போய் சொல்லேன்யா."

மூன்று நாள் கழித்துப் போனேன். அந்தப் பெண் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் சொல்லத்தான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதிதான் வந்தது.

"தங்கச்சி, அன்னிக்கி நானும் அங்க இருந்தேன். மெழுகு பொறுக்க. ஒன் மெழுகுவர்த்திய நான் பாத்தேன். காத்துதான் அணைச்சிது. வேற ஒண்ணும் இல்ல."

முறம் நின்றது. "நீ பாத்தியாண்ணா? ஒன் கண்ணால?"

"பாத்தேன்."

"அப்ப நீ ஏண்ணா திருப்பிப் பத்த வெக்கல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். "நெருப்புப்பெட்டி இல்லம்மா," என்றேன். பீடி குடிக்கிறவன் நான். சட்டைப் பையில் அப்போதும் நெருப்புப்பெட்டி இருந்தது. அது அவளுக்குத் தெரிந்ததா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி மாமியாரைக் கூப்பிட்டாள்.

"யத்தே, இங்க வா. அண்ணா பாத்துகினே இருந்தாராம். காத்துதானாம்."

மாமியார் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நெஜமா?"

"நெஜந்தான்," என்றேன்.

"சத்தியமா?"

தலையாட்டினேன். மாமியார் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்று அந்த வீட்டில் அந்தப் பெண் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக என் மனைவி வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தைக்க உட்கார்ந்தாள். நல்லது நடந்திருக்கிறது என்று நானும் மனதைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்தவன் நான். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு குழாயடியில் எனக்கு வழி விட்டபோதெல்லாம் குடத்தை விட்டுவிட்டு ஓடலாம் போலிருந்தது.

மெழுகு பொறுக்குவதை அதோடு நிறுத்தினேன். அந்த மழைக்காலம் முழுக்க என் மனைவி பகல் வெளிச்சத்தில் மட்டும் தைத்தாள். கூலி பாதியானது. அதற்காக அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அந்தப் பெண் எங்கள் வாசலுக்கு வந்தாள். "அண்ணா, நாளைக்கு நீயும் வா. காத்துக்கு மறைப்பா நில்லு. நீதான் அன்னிக்கி பாத்தவன்."

போனேன். மண்மேட்டுக்குக் கடல் பக்கமாக, வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். மெழுகுவர்த்தி கடைசி வரைக்கும் எரிந்தது. கை மரத்துப் போயிற்று. அசையவில்லை. அதற்கடுத்த வருஷமும் கூப்பிட்டாள். அவளுக்கு வேறு இரண்டு பிள்ளைகள் பிறந்து, எண்ணூர் பக்கம் குடிபோன பிறகும் அந்த ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டுதான் கல்லறைக்குப் போவாள். ஒவ்வொரு வருஷமும் வழியில் சொல்லிவிடலாம் என்று புறப்படுவேன். ஒவ்வொரு வருஷமும் அவள் வேறு ஏதாவது பேசுவாள். நான் கேட்டுக்கொண்டு வருவேன்.

போன வருஷமும் முழுக்க எரிந்தது. அவள் எழுந்து புடவை மண்ணைத் தட்டினாள்.

"ஒன் கை ராசிண்ணா," என்றாள். "நீ நின்னா அணையவே மாட்டுது."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன்.